டீசல் இன்ஜினில் கம்ப்ரஷன் பார்க்கும் முறை: முள் ஏறுவதைக் கவனியுங்கள்

காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஆனதும் வெள்ளைப் புகை தள்ளுகிறது, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிறது. நாசிலும் பம்ப்பும் சரியாக இருந்தும் இப்படியென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்பது. இங்கே சொல்வது மெக்கானிக்கல் பம்ப் உள்ள மூன்று சிலிண்டர் டிராக்டர் இன்ஜினுக்கு. காமன் ரெயில் (கம்ப்யூட்டர் டீசலைக் கட்டுப்படுத்தும்) வண்டியில் டீசலை நிறுத்தும் முறை வேறு. கேஜை (அழுத்தம் காட்டும் மீட்டரை) படிக்கும் முறை இதேதான்.

பெட்ரோல் வண்டியின் கேஜை மாட்டாதீர்கள். அது பெரும்பாலும் 300 பி.எஸ்.ஐ.யோடு முடிந்துவிடும், நல்ல டீசல் சிலிண்டர் 400-ஐத் தொடும். 1000 வரை காட்டும் டீசல் கேஜும், உங்கள் இன்ஜெக்டர் துளைக்குப் பொருந்தும் அடாப்டரும் வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். கிராங்க் நிமிடத்துக்கு 200 சுற்றாவது சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் காற்று கசிய நேரம் கிடைத்து, நல்ல சிலிண்டரும் கெட்டதுபோலக் காட்டும்.

1. இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் முதலில் சுத்தம் செய்யுங்கள்.

2. ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டுங்கள். ஹை பிரஷர் பைப்புகளைக் கழற்றி, பம்ப்பின் வாய்களை மூடுங்கள். தூசி புகுந்தால் பம்ப் போய்விடும்.

3. மூன்று இன்ஜெக்டரையும் எடுங்கள். அடியிலிருக்கும் செப்பு வாஷர் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; டார்ச் அடித்துப் பார்த்து எடுங்கள். அதைக் கவனிக்காமல் மேலே புது வாஷர் போட்டால் நாசில் உயர்ந்து நின்று புகை தள்ளும்.

4. துளைகள் திறந்திருக்க, விலகி நின்று ஒருமுறை செல்ஃப் அடியுங்கள். உள்ளே விழுந்த கரியும் தேங்கிய டீசலும் வெளியேறும்.

5. புது வாஷரோடு அடாப்டரை இறுக்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் சரியாக 5 விநாடி செல்ஃப் அடியுங்கள். 200 சுற்றில் அது சுமார் எட்டு அமுக்கம். இடையில் ஸ்டார்ட்டர் ஆற ஒரு நிமிடம் விடுங்கள்.

கடைசி எண்ணை மட்டும் எழுதிவைப்பது போதாது. முதல் அமுக்கத்தில் முள் எங்கே நின்றது என்பதையும் குறியுங்கள். நல்ல சிலிண்டரில் முதல் அடியிலேயே பாதியைத் தாண்டும், நான்கைந்து அடியில் உச்சத்தை எட்டும். முதலில் குறைவாக நின்று, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ரிங் அல்லது லைனர் தேய்மானம். குறைவாக நின்று அதற்குமேல் ஏறவே இல்லையென்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

இன்னொரு வகையும் உண்டு: ஒரு சிலிண்டரில் முள் விறுவிறுவென்று ஏறி, 310-இல் உறுதியாக நின்றுவிடுகிறது. மற்ற இரண்டும் 400. இன்ஜின் எப்போதாவது தண்ணீர் குடித்திருந்தால் (சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால்) கனெக்டிங் ராடு வளைந்திருக்கும் என்று சந்தேகியுங்கள். பிஸ்டன் முழு உயரத்துக்கு வராததால் அமுக்கம் குறைகிறது. கசிவு எதுவும் இருக்காது.

துளையில் எண்ணெய் விட்டு மறுபடி பார்க்கும் பழக்கம் பெட்ரோல் இன்ஜினுக்கு உரியது. டீசலில் அது ஏமாற்றும். 900 சிசி சிலிண்டர், கம்ப்ரஷன் விகிதம் 17-க்கு 1 என்றால் பிஸ்டன் மேலேறியபின் மிஞ்சும் இடம் சுமார் 56 சிசி. 10 மில்லி எண்ணெய் ஊற்றினால் அது 46 ஆகி, விகிதம் 20-ஐத் தாண்டிவிடும். ரிங் எப்படி இருந்தாலும் முள் ஏறும். எண்ணெய் பிஸ்டன் தலையிலுள்ள குழியிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அதிகம் ஊற்றினால் ராடே வளையும்.

அதற்குப் பதில், அந்த பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, கியரில் போட்டு பிரேக்கைப் பூட்டி, அடாப்டரின் வால்வு கோரை (காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் உள் ஊசியை) எடுத்துவிட்டு கம்ப்ரஸர் காற்றைக் கொடுங்கள். ஏர் ஃபில்டர் பைப்பில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். வால்வு என்று தெரிந்தாலும் உடனே ஹெட்டை இறக்காதீர்கள். டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தாலும் வால்வு முழுதாக மூடாது; சரிசெய்து மறுபடி பாருங்கள்.

குறைந்த சிலிண்டர், உயர்ந்ததைவிட 15 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் வேலை இருக்கிறது. மேனுவல் வேறு எல்லை சொன்னால் அதுவே முடிவு. மூன்றும் சமமாகக் குறைந்திருந்தால் முதலில் பேட்டரியையும் அடாப்டர் கசிவையும் சந்தேகியுங்கள். அவை சரியாக இருந்து, இன்ஜினும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகி இழுவையும் குறையாமல் இருந்தால், எண்ணை மட்டும் பார்த்து இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.