பூனைக்குச் சின்னக் காயம்: மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன்

பூனையின் உடம்பில் எதைத் தடவினாலும் அது கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். நாக்கு எட்டாத இடம் பூனைக்கு மிகக் குறைவு. எட்டாத இடத்தையும் முன்னங்காலால் துடைத்து அந்தக் காலை நக்கிக்கொள்ளும். ஆகவே "இதைத் தடவலாமா?" என்பதும் "இதைத் தின்னக் கொடுக்கலாமா?" என்பதும் ஒரே கேள்விதான். சின்னக் கீறல், சிராய்ப்பு எல்லாவற்றுக்கும் சுத்தமான உப்பு நீரும் நக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுமே முக்கால்வாசி வைத்தியம்.

முதலில் காயத்தைக் கண்டுபிடியுங்கள்

அடர்ந்த முடிக்குள் காயம் எளிதில் தெரியாது. நான்கைந்து முடிகள் ஒன்றாக ஒட்டி, நனைந்து காய்ந்த தூரிகை நுனி மாதிரி விறைத்து நின்றால் அதன் அடியில் பாருங்கள். பெரும்பாலும் காய்ந்த ரத்தமோ கசிவோ இருக்கும். நல்ல வெளிச்சத்தில், முடியை அது வளரும் திசைக்கு எதிராக விரலால் விலக்கிப் பாருங்கள். முரண்டு பிடிக்கும் பூனையைப் பெரிய துண்டில் சுற்றி, பார்க்க வேண்டிய பகுதியை மட்டும் வெளியே விடுங்கள். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் வேலை செய்வது நல்லது. சாதுவான பூனையும் வலித்தால் கடிக்கும்.

இப்போது முக்கியமான கேள்வி: இது கீறலா, துளையா? நீளமாக, மேலோட்டமாக இருக்கும் கீறல் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் தானே ஆறிவிடும். கடுகளவு துளைதான் ஏமாற்றும். ஒரே வீட்டில் இரண்டு பூனைகள் இருந்து சண்டை போட்டால், கோரைப்பல் தோலைக் குத்தி, வாயிலுள்ள கிருமிகளை உள்ளே ஆழத்தில் விட்டுவிட்டு வெளியே வரும். மேல்தோல் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் கட்டும். இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் அந்த இடம் சூடாக வீங்கும். தொட்டால் பூனை சீறும், சாப்பாட்டைத் தொடாமல் மூலையில் சுருண்டுகொள்ளும். பல் பட்ட துளை என்று தெரிந்தாலே, வீங்கும்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ரத்தம், முடி, கழுவுதல்

ரத்தம் கசிந்தால் சுத்தமான காஸ் துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வரும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால் அது வீட்டு வைத்தியத்துக்கான காயம் அல்ல. பஞ்சு வேண்டாம், இழைகள் காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சுற்றியுள்ள முடியை நீக்க டிரிம்மர் பயன்படுத்துங்கள். கத்தரிக்கோலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பூனைத் தோல் மெல்லியது. முடியைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடாரம்போல் எழும்பி வரும், முடி என்று நினைத்துத் தோலையே வெட்டிவிடும் விபத்து சாதாரணமாக நடக்கிறது. வெட்டிய முடி காயத்துக்குள் விழாமல் இருக்க, தண்ணீரில் கரையும் மசகு ஜெல்லைக் காயத்தின் மேல் தடவிவிட்டு டிரிம்மரை ஓட்டுங்கள். ஜெல்லில் ஒட்டிய முடி கழுவும்போது போய்விடும்.

கழுவ, கொதிக்கவைத்து ஆறவைத்த அரை லிட்டர் தண்ணீரில் 4.5 கிராம் சமையல் உப்பு, அதாவது மட்டமான ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகக் கரையுங்கள். உப்பு கூடினால் எரியும், திசுவும் வறளும். அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரித்து, வெதுவெதுப்பாகப் பயன்படுத்துங்கள். ஊசி இல்லாத 10 அல்லது 20 மில்லி சிரிஞ்சால், சாய்வாக, மெதுவாக ஊற்றுங்கள். அழுக்கு நீங்கும்வரை 50 முதல் 100 மில்லி ஆகலாம். துளைக் காயத்தின் வாயில் சிரிஞ்சை வைத்து அழுத்தாதீர்கள், கிருமி இன்னும் உள்ளே போகும். கழுவியதும் காஸ் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

கிருமிநாசினி தேவை என்று தோன்றினால், சோப்பு கலக்காத 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் திரவத்தில் 5 மில்லியை 200 மில்லி வெறும் தண்ணீரில் கலக்குங்கள். உப்பு நீரில் கலக்கக் கூடாது, படிவு விழும். பொவிடோன் அயோடின் 10 சதவீதமாக இருந்தால் வெளிர்ந்த தேநீர் நிறம் வரும்வரை நீர்க்கச் செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். கண்ணருகிலும் காதுக்குள்ளும் குளோர்ஹெக்சிடின் படவே கூடாது.

அலமாரியிலேயே இருக்க வேண்டியவை

டெட்டால் போன்ற பீனால் வகைக் கிருமிநாசினிகள், டீ ட்ரீ எண்ணெய், வலிநிவாரணி ஜெல்கள் எல்லாம் பூனைக்கு நஞ்சு. மனிதர்களுக்குச் சாதாரணமான பல பொருள்களைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் நொதிச் செயல்பாடு பூனையின் கல்லீரலில் குறைவு. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடலாம். வலிக்குமே என்று இரக்கப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். லிடோகெய்ன், பென்சோகெய்ன் கலந்த மரப்பு மருந்துகள் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதையே கெடுக்கும். துத்தநாக ஆக்சைடு கிரீமும் நக்கினால் ஆபத்து. ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் எரிவதோடு, ஆறிவரும் புதுத் திசுவையும் சேர்த்து அழிக்கின்றன.

நக்குவதும் கட்டுவதும்

பூனை நக்கினால் புண் ஆறும் என்பது தவறான நம்பிக்கை. அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்த கொக்கி முட்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நக்கலும் பொருக்கைப் பெயர்க்கும். கழுத்துக் கூம்பு, அதாவது நக்கவிடாமல் கழுத்தைச் சுற்றி மாட்டும் புனல் வடிவ மறைப்பு, போடுங்கள். அதன் விளிம்பு மூக்கு நுனியைவிடச் சற்று வெளியே நீண்டிருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் வளைந்து எட்டிவிடும். கழுத்தில் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு போதும். முதல் சில மணி நேரம் பூனை பின்னோக்கியே நடந்து கழற்றப் பார்க்கும், பிறகு பழகிவிடும். சாப்பிடும்போது மட்டும், கண்முன்னே வைத்துக் கழற்றலாம்.

கட்டு, பிளாஸ்திரி வேண்டாம். முடியில் ஒட்டாது, இறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும், பாதம் வீங்கும்.

நகம் உடைந்து ரத்தம் வந்தால் சோள மாவை நுனியில் அழுத்தி ஐந்து நிமிடம் பிடியுங்கள். வயதான பூனைகளில் நகம் வளைந்து பாத மெத்தைக்குள்ளேயே குத்தி வளர்வதுண்டு. அதைப் பிடுங்காமல் மருத்துவரிடம் விடுங்கள். சூடு பட்டால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 10 நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றுங்கள். ஐஸ் கூடாது.

காயமே இல்லாத காயங்கள்

தாடையில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் அது முகப்பரு வகை. முதுகிலும் வால் அடியிலும் கையில் தட்டுப்படும் பொடிப் பொருக்குகளுக்குப் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமைதான் காரணம். வட்டமாக முடி கொட்டி, செதில் உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு கிரீமைத் தடவினால் பூஞ்சை இன்னும் பரவும்.

யார் பார்க்க வேண்டிய காயம்

நாளுக்கு இரண்டு முறை காயத்தைப் பாருங்கள். விளிம்பு இளஞ்சிவப்பாக, உலர்ந்து, நாளுக்கு நாள் சுருங்கினால் சரி. மேலோட்டமான கீறல் ஏழு முதல் பத்து நாளில் ஆறும். வாய் பிளந்து நிற்கும் காயம், மார்பு, வயிறு, மூட்டு, கண் அருகே உள்ள காயம், சீழ், துர்நாற்றம், 24 மணி நேரம் சாப்பிடாமை, 39.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் உடல் வெப்பம், இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். தையல் தேவைப்படும் காயத்துக்கு முதல் ஆறு முதல் எட்டு மணி நேரம் உகந்தது. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இந்த அமளியில் உங்களைக் கடித்துவிட்டால், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் உங்கள் மருத்துவரையும் பாருங்கள். பூனைக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்ற விவரத்தையும் எடுத்துப் போங்கள்.