போட்டோஷாப்பில் முகத்தில் திட்டு விழாமல் பிரஷ் போடுவது எப்படி?

புதுச்சேரி டூமா வீதியில் மஞ்சள் சுவர் முன்னால் சித்தியை நிற்கவைத்துப் படம் எடுத்தேன். உச்சி வெயில். சுவர் பளிச்சென்று வந்தது, முகம் இருட்டு. போட்டோஷாப்பில் முகத்தை மட்டும் வெளிச்சமாக்கப் போய், கன்னமெல்லாம் தேமல் மாதிரி ஆகிவிட்டது. காரணம் பிடிபட இரண்டு இரவு ஆனது.

கர்வ்ஸ் லேயர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அடுக்கு) போட்டு, முகம் தெளியும்வரை வெளிச்சத்தை ஏற்றுங்கள். சுவர் வெளுத்தால் பரவாயில்லை. அந்த லேயர் எங்கே தெரியலாம், எங்கே மறையலாம் என்று சொல்லும் கறுப்பு-வெள்ளைப் படம்தான் மாஸ்க். அதைத் தொட்டு, கன்ட்ரோலும் ஐ-யும் அழுத்தினால் மாஸ்க் கறுப்பாகி, ஏற்றிய வெளிச்சம் மறையும். பிரஷ், வெள்ளை நிறம், ஹார்ட்னஸ் (விளிம்பின் கூர்மை) 0. இனி பூசிய இடத்தில் மட்டும் வெளிச்சம் வரும்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பிரஷ்ஷின் ஒபாசிட்டி, அதாவது பூச்சின் அடர்த்தி, 50 சதவீதம் வைத்திருந்தேன். மவுஸை விடாமல் எத்தனை முறை தேய்த்தாலும் அது 50-ஐத் தாண்டாது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால், மிச்சத்தில் பாதி சேர்ந்து 75 ஆகும். மூன்றாம் முறை 87.5. சுண்ணாம்பு அடிக்கும்போது ஒரு பூச்சின் மேல் இன்னொன்று ஏறிய இடம் தனியாகத் தெரியுமே, அதேதான். ஆல்ட் பிடித்து மாஸ்க்கைக் கிளிக் செய்து பாருங்கள். எனக்கு அங்கே பட்டை பட்டையாகத் தெரிந்தது.

பிரஷ்ஷுக்கு ஃப்ளோ என்று இன்னொரு அளவும் உண்டு. அது வேறு. குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது ஃப்ளோ. குடம் எதுவரை நிரம்பலாம் என்பது ஒபாசிட்டி. மவுஸை விட்டுப் பிடித்தால் அடுத்த குடம்.

இப்போது ஒபாசிட்டியை 100-லேயே விட்டு, ஃப்ளோவை 8-க்கு இறக்கிவிடுகிறேன். தேய்க்கத் தேய்க்க மெல்ல ஏறும். மேலே மேலே பட்டாலும் ஒவ்வொரு ஏற்றமும் சிறிது என்பதால் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. பிரஷ் பெரிதாக, பாதி முக அகலத்துக்கு இருக்கட்டும். சின்ன பிரஷ்ஷால் முகத்தை நிரப்பவே கூடாது என்பேன். இதற்குப் பேனாவால் வரையும் டேப்லெட் வாங்க வேண்டாம், மவுஸ் போதும்.

கிம்ப் என்ற இலவச மென்பொருளில் பெயின்ட்பிரஷ்ஷுக்கு ஃப்ளோ கிடையாது, ஏர்பிரஷ்ஷுக்கு உண்டு.

பிறகு சேர்த்தது: கடலூரிலிருந்து ஒரு தம்பி, "அண்ணா, எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றுமே ஆகலை" என்றார். பிரஷ் கையில் இருக்கும்போது எண் விசை பட்டால் ஒபாசிட்டி மாறிவிடும். 1 பட்டால் 10. அவருக்கு அதுதான் நடந்திருந்தது. 0 அழுத்தினால் 100-க்குத் திரும்பும். ஷிஃப்ட் பிடித்து எண் அழுத்தினால் ஃப்ளோ மாறும். அதற்கும் சரியாகாவிட்டால், மாஸ்க்குக்குப் பதில் வேறு லேயரைத் தொட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.