பழைய ஆட்டோ கியர் காரை டிராக் ரேஸுக்குக் கொண்டு போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பழைய காருக்கும் ஆட்டோ கியருக்கும் டிராக் (drag) ரேஸ், அதாவது நேர்தடத்தில் இருவர் மோதும் குறுகிய ஓட்டம், ஒத்துவராது என்று பட்டறைகளில் சொல்வார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டத்தில் ஆட்டோ கியர் உண்மையிலேயே வசதியானது. க்ளட்சைச் சரியாக விடவேண்டிய கவலை இல்லை, ஒவ்வொரு ஓட்டமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடியும். 1950-இல் வந்த, இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் என்ற ஆட்டோ கியர்பாக்ஸை அமெரிக்காவில் இன்றும் டிராக் தடங்களில் ஓட்டுகிறார்கள் என்றால் காரணம் இதுதான். இந்த கியர்பாக்ஸ்களைப் பெரும்பாலும் கொல்வது சூடு, அந்தச் சூட்டில் பெரும்பகுதியை உண்டாக்குவது ஓட்டுபவரின் கால்கள்.

முதலில் இடம். சிங்கப்பூரில் டிராக் தடம் கிடையாது. தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ நடந்ததெல்லாம் 1961 முதல் 1973 வரை, அதோடு சரி. நள்ளிரவில் துவாஸ் பக்கம் காலியாகக் கிடக்கும் நேர்சாலையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். பிடிபட்டால் சிறை, அபராதம், வண்டியே பறிமுதலாகவும் வாய்ப்பு உண்டு. அதைவிட, அந்த நேரத்தில் சைக்கிளில் வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் தம்பி ஒருவர் குறுக்கே வந்தால் என்ன செய்வீர்கள்? மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் முறையாக நடத்தும்போது போங்கள். பழைய கார்களுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்த கார் என்றால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம், எனவே நாள்களைப் பார்த்துச் செலவழியுங்கள். எல்லையைத் தாண்டும்போது டேங்கில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்கவேண்டும் என்ற விதியையும் மறக்க வேண்டாம்.

சரி, தடத்துக்கு வந்தாயிற்று. அதிகம் பேர் செய்யும் தவறு, பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரையும் மிதித்து நெடுநேரம் நிற்பது. வண்டி நகராதபோது எஞ்சின் தரும் சக்தி முழுவதும் டார்க் கன்வெர்ட்டருக்குள் (எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) எண்ணெயைக் கலக்கிச் சூடாக்குவதிலேயே போகிறது. பட்டறையில் இதையே ஒரு சோதனையாகச் செய்வார்கள், அதைக்கூட 5 நொடிக்கு மேல் செய்யாதே என்கின்றன கம்பெனிக் கையேடுகள். 80 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் கியர் ஆயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது மெக்கானிக்குகள் நம்பும் பழைய கணக்கு. நம் ஊர் வெயிலில், வரிசையில் எஞ்சினை ஓடவிட்டே காத்திருந்த வண்டிக்கு அந்தச் சூடு பாதி ஏற்கெனவே ஏறியிருக்கும். தொடக்கக் கோட்டில் சரியாக நின்றதைக் காட்டும் இரண்டாவது சிறு விளக்கு எரிந்த பிறகு மட்டும் ஆர்.பி.எம்-ஐ (எஞ்சின் சுழற்சி வேகத்தை) உயர்த்துங்கள், அதுவும் 1,200 முதல் 1,500 வரை போதும். மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் முறை என்றால் கடைசி மஞ்சளிலேயே பிரேக்கை விடுங்கள், பச்சை வரும்வரை காத்திருந்தால் எதிராளி போய்விடுவார்.

நியூட்ரலில் எஞ்சினை உறுமவிட்டு டிரைவுக்குத் தள்ளுவது இன்னும் மோசம். வீடியோக்களில் பார்க்க நன்றாக இருக்கும். கியர்பாக்ஸுக்கு உள்ளே க்ளட்ச் தட்டு, ஒரு பக்கமாக மட்டும் சுற்றவிடும் ஒருவழி க்ளட்ச், பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் மூட்டு என எல்லாவற்றின் மீதும் ஒரே நொடியில் சம்மட்டி அடி விழும். கிரைஸ்லரின் 727 டார்க்ஃபிளைட் கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் டயரைச் சூடாக்கும்போதும் கவனமாக இருங்கள். முதல் கியரிலேயே டயரைச் சுழற்றிக்கொண்டிருந்து, அது திடீரென்று காய்ந்த தரையைப் பிடித்தால் ஒருவழி க்ளட்ச் உடையலாம். உடைந்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் முன் டிரம் எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றும், வெடித்துத் தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்து காலைப் பதம் பார்த்த சம்பவங்கள் உண்டு. சுழல ஆரம்பித்ததும் இரண்டாம் கியருக்கு மாற்றிவிடுங்கள்.

ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைக் கியர்பாக்ஸுக்குச் சொல்லும் கிக்டவுன் கேபிளையும் த்ராட்டில் லிங்கேஜையும் யாரும் கண்டுகொள்வதில்லை. கார்புரேட்டரை மாற்றுவோம், அதில் மாட்டியிருந்த கம்பியை அப்படியே தொங்கவிடுவோம். டார்க்ஃபிளைடில் அந்த லிங்கேஜ்தான் உள்ளே எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டுகிறது. அது சரியில்லை என்றால் முழு த்ராட்டிலில் க்ளட்ச் தட்டு வழுக்கி ஒரே நாளில் கருகிவிடும்.

எண்ணெய் பார்ப்பதற்கும் முறை உண்டு. எஞ்சின் சூடாக, சமதரையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கியர் நெம்புகோல், ஜிஎம், ஃபோர்டு கியர்பாக்ஸ்களுக்குப் பொதுவாக பார்க்கில், டார்க்ஃபிளைட்டுக்கு நியூட்ரலில் இருக்க வேண்டும். அளவுகோலை வெள்ளை டிஷ்யூவில் துடையுங்கள். சிவப்பாக, தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பேறி, கருகிய வாடை அடித்து, கருப்புப் பொடி டிஷ்யூவில் தங்கினால் அன்றைக்கு ஓட்டவே வேண்டாம், நுழைவுக் கட்டணம் போனாலும் பரவாயில்லை.

பிரேக், டயர் பற்றி நீட்டத் தேவையில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்றால் முடிவுக் கோட்டைத் தாண்டியதுமே மிதிக்கத் தொடங்குங்கள், வண்டி முழுதாக நிற்காமல் பார்க்கில் போடாதீர்கள். பட்டன் தேயவில்லை என்பதற்காகப் பத்து வருஷத்து டயரை நம்பாதீர்கள்.

ஓட்டம் முடிந்து திரும்பியதும் சட்டென்று எஞ்சினை அணைப்பதும் தவறுதான். சில நிமிடம் நியூட்ரலில் ஓடவிட்டால் எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றிச் சூடு இறங்கும். பழைய டார்க்ஃபிளைடில் பார்க்கில் வைத்தால் அப்படிச் சுற்றாது, நியூட்ரல்தான், கைபிரேக் போட்டு. அப்புறம் வீட்டுக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நெடுஞ்சாலை இருக்கிறது. வழியில் பாகோ ஓய்வுப் பகுதியில் நிறுத்தி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அட்டையில் சிவப்புச் சொட்டு இருந்தால் முதலில் கூலர் குழாய் மூட்டுகளைப் பாருங்கள்.