‘ஃப்ரூயிஷன்’ என்று எழுதும் முன்

பத்திரங்களையும் ஒப்பந்தங்களையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. கும்பகோணத்தில் இந்த வேலையைப் பழக வருகிற பிள்ளைகளுக்கு ஏனோ ‘ஃப்ரூயிஷன்’ (fruition) என்ற சொல்லின் மேல் தனிப் பாசம். ‘நிறைவேறியது’ என்று கண்ணில் பட்டால் போதும், அதைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். நாங்களும் அந்த வயதில் அப்படித்தான். எழுத்துப்பிழையைக் கணினி பார்த்துக்கொள்ளும், அதை விடுங்கள். இந்தச் சொல்லில் நடக்கும் மற்றத் தவறுகள் இவை.

பழத்திலிருந்து பிறந்தது என்பது

‘ஃப்ரூட்’ என்று காதில் விழுவதால் ‘கனிதல்’ என்றே பொருள் சொல்கிறார்கள். லத்தீனில் ‘ஃப்ரூய்’ என்றால் அனுபவித்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே பொருள்தான். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் பழம், கனிதல் எதுவும் இல்லை; அனுபவித்தல், உடைமை, அதில் கிடைக்கும் இன்பம், அவ்வளவுதான். கனியின் சாயல் 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டியது. இன்று ‘எண்ணியது கைகூடுதல்’ என்பதே பெருவழக்கு. ‘ஃப்ரூட்’டுக்கும் வேர் அதே லத்தீன்தான். ஆக இரண்டும் பங்காளிகள், ஒன்று மற்றதைப் பெறவில்லை.

நம் ஊர்க்காரருக்கு இது புதிதே இல்லை. போகம் என்றால் அனுபவிப்பது, இருபோக நிலம் என்கிறபோது அதுவே விளைச்சல். போக்கியத்துக்கு 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் தரும் பெயர் ‘யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்’. அதன் நடுவில் உட்கார்ந்திருப்பதும் இந்த லத்தீன் வேர்தான்.

வேலை முடிந்ததற்கெல்லாம் போடுவது

இதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்காரர் நெல் உலர்த்தும் இயந்திரம் வாங்கினார். குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டினால் நெல் காயாது. 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் சாதாரணமாக எடுக்க மாட்டார்கள். இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் வெளியூர், அதனால் ஒப்பந்தம் ஆங்கிலத்தில். ‘வேலை முடிந்ததும் மீதித் தொகை’ என்ற இடத்தில், அதைத் தயாரித்த பையன் ‘கம்ப்ளீஷன்’ என்று போடாமல் ‘ஆன் ஃப்ரூயிஷன் ஆஃப் தி வொர்க்’ என்று எழுதிவிட்டான். படிக்க கம்பீரமாக இருந்ததாம்!

“மோட்டார் ஓடுது, பணத்தைக் கொடுங்க” என்றார் பொருத்தியவர். “நெல்லைக் கொட்டி எடுத்தா 17க்கு வரணும். அப்பதானே போட்ட காசுக்குப் பலன்?” என்றார் ஆலைக்காரர். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேருமே வாதாடலாம், அதுதான் வயிற்றெரிச்சல். குறுவை போய்த் தாளடி அறுப்பு வரைக்கும் மீதிப் பணம் தொங்கியது. ஆளுக்கொரு வக்கீலுக்குத் தண்டம் அழுதார்கள். பையனோ, “அகராதியில ரெண்டுக்கும் நிறைவுன்னுதான் சார் போட்டிருக்கு” என்கிறான்.

போட்டிருக்கட்டும். மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. கட்டி முடித்தது ‘கம்ப்ளீஷன்’, அதற்குத் தேதி சொல்லலாம். டெல்டாவுக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்து விடவேண்டும் என்ற நெடுநாள் எண்ணம் ‘கேம் டு ஃப்ரூயிஷன்’. எண்ணம், திட்டம், உழைப்பு, ஆசை இவை நாளாவட்டத்தில் கைகூடும்போது தாராளமாக எழுதுங்கள். பணமும் தவணையும் இருக்கிற வரியில் மட்டும் வேண்டாம். அங்கே ‘கம்ப்ளீஷன்’ என்று போட்டு, எந்தச் சோதனையில் தேறினால் வேலை முடிந்ததாகக் கொள்வது என்பதையும் சேருங்கள்: எத்தனை மூட்டை, எவ்வளவு நேரம், எத்தனை சதவீத ஈரம்.

வினைச்சொல்லாக்குவது

‘ஃப்ரூயிஷண்ட்’ என்று ஒன்று கிடையாது. ‘கம் டு’, ‘பிரிங் டு’ சேர்த்தால் வேலை நடந்துவிடும்.

கெட்ட செய்திக்குப் போடுவது

சம்பா மூழ்கியதற்கு நிவாரணம் கேட்கும் மனுவில் ‘அவர் ஃபியர்ஸ் கேம் டு ஃப்ரூயிஷன்’ என்று எழுதி வந்தார் ஒருவர். ஆங்கிலேயர்களே சில சமயம் இப்படி எழுதுவதுண்டு. சரி, ஆனால் தாசில்தாருக்குப் போகிற மனுவில், பயிர் அழுகியதைக் கைகூடியது போலச் சொல்வானேன்? ‘பயிர் மூழ்கியது’ என்று நேராக எழுதுங்கள்.

‘ஃபைனல் ஃப்ரூயிஷன்’

‘ஃபைனல்’ எதற்கு?