பிரிட்டனில் பயோமெடிக்கல் சயின்ஸ்: விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

நோயைக் கண்டறிய ரத்தம், திசு போன்ற மாதிரிகளை ஆய்வகத்தில் சோதிக்கும் வேலைக்கான பயோமெடிக்கல் சயின்ஸ் பட்டம் உங்களை மருத்துவராக்காது என்பதை முதலில் மனதில் வையுங்கள். பிரிட்டனில் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்டாக வேலை செய்ய ஹெச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு கட்டாயம். எனவே படிப்புக்கு ஐ.பி.எம்.எஸ். (இத்துறையின் தொழில்முறை அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால், விடுபட்ட பாடங்களைப் பிறகு தனியே படித்து ஈடுகட்ட நேரும். அங்கீகாரம் மட்டும் போதாது. பயிற்சிக்கு ஒப்புதல் பெற்ற ஆய்வகத்தில் பதிவுக்கான போர்ட்ஃபோலியோவையும் (பயிற்சியில் பெற்ற திறனுக்கான சான்றுத் தொகுப்பு) முடிக்க வேண்டும். அந்தப் பயிற்சி இடத்துக்குப் போட்டி அதிகம்; வெளிநாட்டு மாணவருக்கும் கிடைக்குமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்.

விசாவில் பலர் சறுக்குவது வங்கி இருப்பில்தான். தேவையான தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் மறுக்கப்படலாம். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் 2 ஆண்டுகளுக்கே செல்லும்.