தி.நகருக்குள் மாம்பலம் கிராமத்தைத் தேடுவது எப்படி?

தெருப் பெயர்களிலிருந்து தொடங்காதீர்கள். பனகல் பூங்கா, உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை எல்லாம் நீதிக்கட்சிக் காலத்துத் தலைவர்களின் பெயர்கள். அதற்கு முன்பிருந்த கிராமத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. 1920 நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, 1923 முதல் 'லாங் டேங்க்' ஏரியை வற்றவைத்து எழுப்பிய பகுதி தி.நகர். ஆகவே முதலில் ஏரியைப் பிடியுங்கள்.

1920க்கு முந்தைய சென்னை வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்து, இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்துங்கள். இடம் மாறாத நான்கு புள்ளிகளாவது வேண்டும்: சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலம், மேற்கு மாம்பலம் கோதண்டராமர் கோயில் போல. புள்ளிகள் ஒரே மூலையில் குவிந்தால் எதிர் மூலை விலகிப் போகும். நீர்ப்பரப்பின் விளிம்பை எல்லையாக நம்ப வேண்டாம். கோடையில் அது உள்வாங்கும், ஐப்பசியில் விரியும். கரையின் கோடுதான் நம்பகமானது.

பிறகு, மழைக்காலத்தில் மாம்பலம் கால்வாயை வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து நந்தனம் வரை பின்தொடருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அதைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். அடைபட்ட வடிகாலாலும் தண்ணீர் தேங்கும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

அடுத்தது பத்திரம். சொத்து விவரத்தில் 'மாம்பலம் கிராமம்' என்று இருக்கும் வரியைத் தேடுங்கள். அங்கே பழைய சர்வே எண்ணும் இன்றைய நகர சர்வே எண்ணும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். பலர் தவறுவது இங்கேதான். பரப்பு காணியில் இருந்தால் 1 காணி = 24 கிரவுண்டு, 1 கிரவுண்டு = 2,400 சதுர அடி. இணையத்தில் கிடைக்காத பழைய வில்லங்க விவரத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். அரசாணைகளுக்கும் நில அளவைக் கோப்புகளுக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகம்.

கடைசியாகப் பெரியவர்களிடம் பேசுங்கள். "உங்கள் ஊர் வரலாறு என்ன?" என்றால் தலபுராணம்தான் வரும். கிணறு எங்கே இருந்தது, மாடு எங்கே மேய்ந்தது, எந்த வீதி வரை சாமி புறப்பாடு வந்தது என்று கேளுங்கள். புறப்பாடு சுற்றும் வீதிகளை வரைந்தால் பழைய ஊரின் அளவு ஓரளவு பிடிபடும். அதை மேற்கு மாம்பலத்தில், ரயில் பாதைக்கு மேற்கே செய்யுங்கள். பாண்டி பஜாரில் நின்று கேட்டுப் பயனில்லை.