குழந்தைகளோடு காட்டுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனைமலைக் காட்டில், டாப்சிலிப்பை அடுத்த கோழிகமுத்தி யானை முகாமில் பாதையோரம் கிடந்த யானை லத்தியின் முன்னால் என் மகள் இருபது நிமிடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. கருப்பு வண்டு ஒன்று லத்தியிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து உருண்டையாக்கி, தலைகீழாக நின்றபடி பின்னங்கால்களால் அதைத் தள்ளிக்கொண்டு போனது. சிறு வேர் ஒன்று குறுக்கிட்டதும் உருண்டை சறுக்கி, வண்டையும் புரட்டிப் போட்டது. வண்டு நிமிர்ந்து மறுபடியும் தள்ளத் தொடங்கியது. சற்றுத் தள்ளிப் பாகன்கள் யானைகளுக்குச் சோற்று உருண்டை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். “யானையைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம், எழுந்திரு கண்ணு” என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஆறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் இன்றும் அவள் சொல்வது வண்டின் கதையைத்தான். அம்மா பாதியிலேயே இழுத்துவிட்டாள் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்வாள்.

அதன் பிறகு டாப்சிலிப்புக்கும் வால்பாறைக்கும் வேடந்தாங்கலுக்கும் பலமுறை போய்வந்திருக்கிறோம். எங்கள் தவறுகளில் பெரும்பாலானவை காட்டைப் பற்றிய அறியாமையால் நேர்ந்தவை அல்ல, நம்முடைய அவசரத்தால் நேர்ந்தவை என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. குழந்தையின் கண் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிறது. நாம் போடும் திட்டமோ பெரிய விலங்குகளின் உயரத்தில் இருக்கிறது.

முதல் தவறு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. கிளம்புவதற்கு முன்பே “புலி பார்க்கப் போகிறோம்” என்று குழந்தையிடம் வாக்குக் கொடுத்துவிடுகிறோம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் புலிகள் இருப்பது உண்மைதான். ஆனால் மூங்கிலும் தேக்கும் புதரும் அடர்ந்த அந்தக் காட்டில், வனத்துறை வண்டியில் ஒரு மணி நேரம் சுற்றிவரும் குடும்பத்தின் கண்ணில் புலி படுவது மிகவும் அரிது. வாக்கு பொய்த்துவிட்டது என்று எண்ணும் குழந்தைக்கு அதன் பிறகு காட்டுமாடும் பெரிதில்லை, மயிலும் பெரிதில்லை. வெள்ளைக் காலுறை போட்டதுபோல முழங்காலுக்குக் கீழே வெளுத்திருக்கும் ஆயிரம் கிலோ காட்டுமாடு பத்தடி தூரத்தில் நின்றபோது, பக்கத்து இருக்கையிலிருந்த சிறுவன் “புலி எங்கே?” என்று அழுதுகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவன்மேல் குற்றமில்லை.

விலங்கைக் காட்டுவதாகச் சொல்லாமல், விலங்கு விட்டுச்சென்ற தடயங்களைத் தேடப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். தடயம் கிடைக்காத காடு இல்லை. யானை தின்பதில் பாதிக்கும் குறைவாகவே செரிப்பதால் அதன் லத்தியில் நாரும் விதையும் அப்படியே தெரியும். சேற்றில் மானின் குளம்புத் தடம் இருக்கும், மரப்பட்டையில் யானை உடம்பைத் தேய்த்த இடத்தில் மண் காய்ந்திருக்கும். மந்திகள் மரத்தின் மேலிருந்து தின்று உதிர்க்கும் தழையையும் பழத்தையும் பொறுக்குவதற்காகப் புள்ளிமான்கள் அடியில் கூடுவதுண்டு. சிறுத்தையோ புலியோ அருகில் வந்தால், மேலிருக்கும் மந்தி முதலில் கண்டு குரல் கொடுக்க, கீழே நிற்கும் மான்கள் காதை விறைத்துக்கொள்ளும், மோப்பத்தால் மான்கள் முந்திக்கொள்வதும் உண்டு. இந்தக் கூட்டுறவை முன்கூட்டியே ஒரு கதையாகச் சொல்லிவைத்தால், புலியே வராவிட்டாலும் குழந்தை அந்தக் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். “சத்தம் போடாதே” என்று பத்து முறை அதட்டுவதைவிட “எத்தனை விதமான குரல் கேட்கிறது, விரல் மடக்கு” என்று சொல்வது எங்கள் வீட்டில் நன்றாகவே பலித்தது.

இரண்டாவது தவறு, இரண்டு நாளில் ஐந்து இடங்களைப் பார்த்துவிட நினைப்பது. பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி ஆழியாறு அணை, குரங்கு அருவி, வால்பாறை, சோலையாறு, கையோடு அதிரப்பள்ளி என்று பட்டியல் போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் குழந்தைகளின் வயிறுதான் நினைவுக்கு வரும். ஆழியாற்றுக்கு மேல் வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிக்குள் கைப்பேசித் திரையை உற்றுப் பார்க்கும் குழந்தையின் கண்கள் “அசைவில்லை” என்று சொல்ல, உட்காது “திரும்புகிறோம்” என்று சொல்ல, அந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிவருகிறது. அதனால் மலையேறும்போது திரையை வாங்கி வைத்துவிட்டு, தொலைவில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பூரி கிழங்குக்குப் பதில் இரண்டு இட்லி போதும். ஒன்பதாம் வளைவுக்கு அருகில் வண்டியை ஓரமாக நிறுத்தினால் குழந்தைக்குக் காற்றும் கிடைக்கும், பாறைச் சரிவில் நம் மாநில விலங்கான வரையாடுகள் நிற்பதைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும். ஒரு நாளுக்கு ஓர் இடம் என்பது குறைவாகத் தோன்றலாம். குழந்தைக்கு அதுவே நிறைய.

இனிச் சொல்லப்போவது எங்களுக்கே நேர்ந்தது. மலையடிவாரத்தில் சாலையோரமாக வண்டியை நிறுத்தி, அப்போது ஏழு வயதாகியிருந்த மகளின் கையில் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நான் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினேன். நாட்டுக்குரங்கு ஒன்று அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது. அவள் அதன் கண்ணையே பார்த்து, பல் தெரியச் சிரித்தாள். மனிதருக்கு அது நட்பு. குரங்குக்கு, உற்றுப் பார்ப்பதும் பல்லைக் காட்டுவதும் மிரட்டல். ஒரே பாய்ச்சலில் பொட்டலம் போயிற்று, அவள் முன்கையில் மூன்று கோடாக நகக்கீறலும் விழுந்தது. கூடியவர்களில் ஒருவர் மஞ்சள் வைக்கச் சொன்னார், இன்னொருவர் காப்பித்தூள் போதும் என்றார். இரண்டையும் செய்யக் கூடாது. குரங்கோ நாயோ கடித்தாலும் கீறினாலும், அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் சொல்லும் தவணைகள் அத்தனையையும் முடிக்க வேண்டும். காயம் சிறியது, பயணம் கெட்டுவிடும் என்று தள்ளிப்போடவே கூடாது. வெறிநோய் அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதால் இதில் பெற்றோர் தயங்குவதற்கு இடமே இல்லை. நாங்கள் பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டு திரும்பினோம்.

அந்தக் குரங்கை நான் குறை சொல்லமாட்டேன். பிஸ்கட்டும் வாழைப்பழமும் எறிந்து எறிந்து அதைச் சாலைக்குப் பழக்கியவர்கள் நாம்தான். அப்படிப் பழகிய விலங்கு சாலையிலேயே உட்கார்ந்திருக்கும், பிறகு சக்கரத்தில் அடிபடும். வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் தேயிலைக்கு நடுவே எஞ்சியிருக்கும் சிறு காட்டுத்துண்டில் சிங்கவால் குரங்குகள் என்னும் சோலைமந்திகள் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத அந்த மந்திகள் சாலையைக் கடக்கும்போது அடிபடாமலிருக்க, மரத்துக்கு மரம் கயிற்றுப்பாலம் கட்டியிருக்கிறார்கள். குழந்தையின் கையால் விலங்குக்குத் தின்பண்டம் கொடுக்கவைத்துப் படம் எடுப்பதைவிட, வண்டிக்குள் இருந்தபடியே அந்தப் பாலத்தைக் காட்டி அது எதற்காக என்று சொல்லிக் கொடுங்கள். எங்கள் மகள் கேட்ட முதல் கேள்வி, “அதில் போகணும்னு மந்திக்கு யார் சொன்னாங்க?” என்பதுதான். யாரும் சொல்லவில்லை, தானாகவே கற்றுக்கொண்டன என்றபோது அவள் முகத்தில் விரிந்த வியப்பு எந்தப் படத்திலும் பதியவில்லை, எனக்குள் இருக்கிறது.

யானை விஷயத்தில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே கிடையாது. சாலையில் யானையைக் கண்டதும் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிப் படம் எடுக்க ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஓட வேண்டி வந்தால் குழந்தையைச் சுமந்துகொண்டு யானையை முந்த யாராலும் முடியாது. தொலைவிலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும், ஒலிப்பான் அடிக்கக் கூடாது, முகப்பு விளக்கைப் பளிச்சிடக் கூடாது, குட்டிக்கும் தாய்க்கும் இடையில் போய்விடக் கூடாது, அது கடந்து போகும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். காதை அகல விரித்துத் தலையை உயர்த்தி நம்மை நோக்கி நின்றால் நாம் மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். வால்பாறையில் யானை நடமாடும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு உண்டு. அங்கே தங்குகிறவர்கள் உள்ளூர்க்காரர்களிடம் “இன்றைக்கு யானை எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டே வெளியே கிளம்ப வேண்டும்.

அதே ஊரில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் அந்தி வேளையில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளைச் சிறுத்தை தாக்கிய துயரங்கள் நடந்திருக்கின்றன. சுற்றுலா போன குதூகலத்தில், விடுதியைச் சுற்றியுள்ள தேயிலைப் புதர்களுக்கு நடுவே குழந்தைகளைக் கண்ணாமூச்சி ஆட விடாதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு வெளியே காலெடுத்து வைப்பதானால் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

அட்டையைப் பற்றிப் பலரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். மழைக்காலத்தில் அது ஏறத்தான் செய்யும்; நீளக் காலுறை போதும், ஏறிவிட்டால் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்துவிடலாம். குழந்தை முதலில் அட்டையைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைத்தான் பார்க்கிறது. நாம் அலறினால் அதுவும் அலறும். பாம்புக்கு வேறு நியாயம். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், வாய் வைத்து உறிஞ்சாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு 108க்கு அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வது ஒன்றே வழி.

காட்டிலிருந்து எதையாவது எடுத்துவரத் தோன்றும் ஆசையும் ஒரு தவறுதான். இறகு, முள்ளம்பன்றி முள், ஆமையோடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் குழந்தை பையில் திணிக்கும். காப்பகத்திலிருந்து எதையும் வெளியே கொண்டுவரச் சட்டம் இடம் தரவில்லை. அழுகையைத் தவிர்க்க நாங்கள் கண்டுபிடித்த வழி மிகவும் எளியது: உதிர்ந்து கிடக்கும் தேக்கிலையின் மேல் வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் நரம்புகள் அத்தனையும் தாளில் எழும்பிவிடும், இலையை அங்கேயே விட்டுவிடலாம். டாப்சிலிப் தேக்குக்குப் பின்னால் குழந்தைக்குச் சொல்ல நல்ல கதையும் இருக்கிறது. வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சரிவில் வழுக்கிவிட்டதால்தான் அந்த ஊருக்கே அந்தப் பெயர். வெட்டி வெட்டி மொட்டையாகிப்போன மலையில், பை நிறைய தேக்கு விதையோடு நடந்து, கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்தி விதைத்தார் என்று ஹியூகோ வுட் என்ற வன அலுவலரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. 1933இல் இறந்த அவருடைய கல்லறை அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு ஊர் திரும்பிய என் மகள், எங்கள் தெருவோரம் முழுக்கக் குச்சியால் குழி குத்திப் புளியங்கொட்டை போட்டாள்.

கடைசியாக, நான் மிகப் பெரிதாகக் கருதும் தவறு. வீடு திரும்பியதும் படங்களைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, பயணத்தைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடுகிறோம். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரும்பாலானவர்களுக்கு வளர்ந்த பின் நினைவில் தங்குவதில்லை. அதற்குப் பிந்தைய நினைவுகளும் தாமாகத் தங்கிவிடுவதில்லை. எமரி பல்கலைக்கழகத்தின் ராபின் ஃபைவுஷ் போன்ற உளவியல் ஆய்வாளர்கள், பெற்றோர் விரிவாகக் கேட்டுக் கேட்டுப் பேசும் வீடுகளில் குழந்தைகள் தங்கள் கடந்தகாலத்தை இன்னும் விரிவாகவும் கோவையாகவும் சொல்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். “யானை பார்த்தோமே, நல்லா இருந்துச்சா?” என்று கேட்டால் “ம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என் அம்மாவுக்கு ஆய்வு எதுவும் தெரியாது, ஆனால் கேட்கத் தெரியும். வேடந்தாங்கல் போய்வந்த அன்றிரவு தொலைபேசியில் பேத்தியிடம், “அந்த நாரை வாய ஏன் சாமி மூடவே மாட்டேங்குது?” என்று கேட்டார். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டே இருக்கும் என்றும், அதை வைத்துத்தான் நத்தையைப் பிடித்துத் தின்னும் என்றும், அந்த ஊர்க்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று வெடி வெடிக்கமாட்டார்கள் என்றும் அவள் அம்மாயிக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினாள். அவள் சொன்னதில் நாரையின் உயரம் எங்கள் வீட்டுக் கதவளவு ஆகிவிட்டிருந்தது. என் அம்மா திருத்தவில்லை, “அப்புறம்?” என்றார்.

போன டிசம்பரில் மீண்டும் கோழிகமுத்திக்குப் போனோம். மகளுக்குப் பதினொரு வயது, அவள் தம்பிக்கு ஐந்து. யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று வழிகாட்டி அழைத்தார். தம்பி பாதையோரம் எதற்கோ குனிந்திருந்தான். நான் அவனைக் கூப்பிட வாயெடுத்தபோது மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “இருங்கம்மா. அது இன்னும் உருண்டையப் புதைக்கல.”